குடத்தில் ஒட்டாத பசை படகில் ஒட்டுவது ஏன்?

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை என இராமநாதபுரம் கரையோரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டிக்கும் ஃபைபரும்தான். உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. கடலில் கிடக்கும் மரத்தைப் புழு துளைத்துவிடும். அதனால் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குடம், மாடியில் கறுப்புத் தொட்டி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, குளியலறைக்கு ஃபைபர் கதவு, மீனுக்கு ஐஸ் பெட்டி, கடலுக்கு ஃபைபர் வள்ளம் என்று ஆகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுக ஃபைபர் படகுகள் பெருகின. பாக் விரிகுடாவில் அதற்கு முன்பே அவை இருந்தாலும், கண்ணாடி இழையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசினும் கரையோர ஊர்களில் அன்றாடச் சரக்கானது அந்தப் பெருக்கத்துக்குப் பின்தான்.

துருப்பிடிக்காத பொருள்கள்தான், ஆனால் உடையும். உடைந்தால் பக்கத்துக் கடையில் ஃபெவிக்விக்கோ எம்-சீலோ வாங்கிப் பூசுகிறோம். குடத்தில் பூசியது மறுநாளே தோலாக உரிந்து வருகிறது. அதே எம்-சீல் பி.வி.சி. குழாய் மூட்டில் வருஷக்கணக்கில் நிற்கிறது. கடைக்காரர் போலிச் சரக்கு கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. பசையில் குறை ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் 'பிளாஸ்டிக்' என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், உள்ளே இருப்பவை வேறு வேறு பொருள்கள். ஒரு பொருள் எந்த வழியில் உருவானதோ அந்த வழியில்தான் அதைச் சரிசெய்ய முடியும். உருக்கி வார்த்ததை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். கரைப்பானில் கரைவதைக் கரைத்துச் சேர்க்கலாம். ஃபைபர் உருகவும் செய்யாது, கரையவும் செய்யாது, அதைப் புதிதாகக் கட்டித்தான் எழுப்ப வேண்டும்.

கையில் இருப்பது எது?

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 3 பி.வி.சி., 4 அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். 7 என்பது மற்ற எல்லாவற்றுக்கும் பொது. குடம் பெரும்பாலும் 2, நாற்காலி 5. எண் இல்லையென்றால் உடைந்த ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த நல்ல தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பாருங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அமிழ்ந்தால் பி.வி.சி., ஏ.பி.எஸ். (டி.வி. மூடி போன்றவற்றின் பிளாஸ்டிக்), பாலிஸ்டைரீன் வகை. கடல்தண்ணீரில் சோதிக்க வேண்டாம். அது கனம் கூடியது, சில பிளாஸ்டிக்குகளில் முடிவு தெளிவாகத் தெரியாது.

மீன்பிடிக் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் கையிலேயே இருக்கிறது. நைலான் வலை அமிழும், பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும். ஒன்றின் அடர்த்தி தண்ணீரைவிடக் கூடுதல், சுமார் 1.14. மற்றது குறைவு, சுமார் 0.9. கயிற்றைப் பார்த்து அறிந்த அதே வேறுபாடுதான் குடத்துக்கும் குழாய்க்கும் இடையிலும் இருக்கிறது.

ஃபைபரை அறிய எந்தச் சோதனையும் தேவையில்லை. உடைந்த ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக இழை நீட்டிக்கொண்டிருக்கும். வெறுங்கையால் தடவாதீர்கள், அரிப்பு பிடித்தால் மணிக்கணக்கில் விடாது.

குடமும் தொட்டியும்: சூடுதான் மருந்து

தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த மாவட்டம் இது. காவிரி கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன, தள்ளுவண்டியில் போகின்றன, சில ஊர்களில் மணல் ஊற்றுக்கும் போய் வருகின்றன. கீழே வைத்து இழுபடும் அடிவிளிம்பும், பிடித்துத் தூக்கும் கழுத்தும்தான் முதலில் விரியும்.

பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலிகள். பசை பற்றிக்கொள்ள அவற்றின் மேற்பரப்பில் பிடி ஏதும் கிடையாது. எண்ணெய்க் கையில் தண்ணீர் பரவாமல் திரள்வதுபோல் பசையும் அங்கே பரவுவதில்லை. தொழிற்சாலையில் இந்தப் பரப்பில் பெயர் அச்சடிக்க வேண்டுமென்றால், முதலில் தீச்சுவாலையைச் சட்டென்று காட்டி மேற்பரப்பை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பாடு இல்லாமல் அச்சு மையே நிற்காத இடத்தில் பசை எப்படி நிற்கும்?

ஆனால் இவை உருகும். குடத்தின் பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியிலும், நாற்காலியின் பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரியிலும் இளகிவிடும். ரேடியோக் கடையில் கிடைக்கும் சால்டரிங் அயர்ன் போதும். வேலையில் இறங்கும் முன் விரிசலின் இரண்டு நுனியையும் தேடிப்பிடித்து அங்கே 3 மில்லிமீட்டர் அளவில் வட்டத்துளை போட்டுவிடுங்கள். விரிசலின் கூர்நுனியில்தான் மொத்த இழுவிசையும் குவிகிறது. நுனியை வட்டமாக்கினால் அந்த விசை சுற்றிலும் பரவிவிடும், விரிசல் மேலே ஓடாது. பலர் இதைச் செய்யாமல் நடுவில் மட்டும் ஒட்டுகிறார்கள். ஒட்டு நன்றாக இருக்கும்போதே அதன் இருபுறமும் புது விரிசல் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

பிறகு விரிசல் நெடுக, பாதி ஆழத்துக்கு வாய்க்கால் போலக் கீறுங்கள். பழைய குடத்திலிருந்து அறுத்த நாடாவை அதில் வைத்து, நாடாவும் குடமும் இரண்டுமே ஒருசேர இளகும்படி அழுத்திக்கொண்டே போகவேண்டும். நாடாவை மட்டும் உருக்கி மேலே சொட்டவிட்டால் அது ஆறியதும் சில்லாகப் பெயரும். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் உருகாமல் கருகுகிறது என்று பொருள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஓட்டமாகவும் போகக்கூடாது. இந்தப் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் குடம் கோணும். அங்கங்கே புள்ளிபோல் பிடித்துக்கொண்டு இடைவெளியை நிரப்புவதே நல்லது. வெளிப்பக்கம் முடிந்ததும், கை போனால் உள்பக்கமும்.

குடத்துக்குக் குடத்துத் துண்டு, நாற்காலிக்கு நாற்காலித் துண்டு என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் உருகிய நிலையிலும் கலப்பதில்லை.

வெயிலில் பல வருஷம் கிடந்த நாற்காலியைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். புற ஊதாக் கதிர் சங்கிலிகளை அறுத்துப் போட்டதன் அடையாளம் அது. அந்தத் தோலைச் சுரண்டி உள்ளே உரமான பிளாஸ்டிக் வரும்வரை போனால்தான் சூட்டுக்கு இணங்கும். உள்ளே போகப்போகப் பொடிதான் என்றால் விட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கறுப்பாகச் செய்வதும் இதனால்தான்: சேர்க்கும் கார்பன் கரி அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்ளும். நாற்காலியில் கையோ முதுகோ உடைந்தால் ஒட்டலாம். கால் உடைந்த நாற்காலியை ஒட்டிப் பெரியவர்களை உட்காரச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இடுப்பெலும்பு முறிந்தால் அதன் செலவு நாற்காலி விலையோடு நிற்காது.

மண்ணெண்ணெயோ பெட்ரோலோ இருந்த கேனுக்குச் சூடு காட்டவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், அது வெடிக்கும். படகு இன்ஜினுக்கான எரிபொருள் கேன் கசிந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

கரைபவை

இந்த வகைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பி.வி.சி. குழாய்க்கான சால்வென்ட் சிமெண்ட் பசையல்ல, கரைப்பான். இரண்டு பக்கமும் மேல்தோலைக் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகப் போய்விடும். அதனால்தான் நன்றாகச் சேர்ந்த குழாய் மூட்டைப் பிரிக்க முடிவதில்லை, அறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பி.வி.சி.யை நெருப்பில் காட்டாதீர்கள், மூச்சை அடைக்கும் அமிலப் புகை வரும்.

டி.வி., பைக் மூடி போன்றவை பெரும்பாலும் ஏ.பி.எஸ். இது அசிட்டோனில் கரையும். உடைந்த அதே பொருளின் சில்லுகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் விட்டு ஊறவைத்தால் மறுநாள் களிம்பாகிவிடும். அந்தக் களிம்புதான் அதற்கு மிகச் சிறந்த பசை, நிறமும் பொருந்தும். ஃபெவிக்விக்கும் இந்த வகையில் பிடிக்கும். சிறு ஓட்டையை நிரப்ப அதன்மேல் சமையல் சோடா தூவினால் நொடியில் கல்லாகும். பஞ்சில் மட்டும் ஃபெவிக்விக்கை ஊற்றாதீர்கள், தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். ஹெல்மெட் எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும், விரிந்தால் ஒட்டுவதற்கு உரியதல்ல.

ஃபைபர்: ஒட்டுவதல்ல, கட்டுவது

கண்ணாடி இழைப் பாயைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்கடுக்காகக் கட்டியதுதான் நாம் ஃபைபர் என்று அழைப்பது. வலிமை இழையில் இருக்கிறது, ரெசின் அந்த இழைகளைப் பிடித்துவைக்கிறது. திரவமாக இருக்கும் ரெசினில் சங்கிலிகள் தனித்தனி. இறுகவைக்கும் திரவமான கேட்டலிஸ்டைச் சேர்த்ததும் ரெசினிலேயே இருக்கும் ஸ்டைரீன் அவற்றைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிவிடுகிறது. ஒருமுறை பின்னியதை எந்தச் சூடும் அவிழ்க்காது. ஆகவே உடைந்த இடத்தில் இழையைத் தொடர்ச்சியாக மறுபடி கட்டினால்தான் வலிமை திரும்பும். வெடிப்பின் மேல் எம்-சீல் பூசினால் தண்ணீர்க் கசிவு கொஞ்ச நாள் நிற்கும், அறுந்த இழை அறுந்ததுதான்.

எம்-சீல் பூசியதால் பின்னால் ஒரு சங்கடமும் உண்டு. அது எபாக்சி என்ற வேறொரு ரெசின் வகை. பாலியெஸ்டர் ஃபைபரின் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், ஆனால் எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. அவசரத்துக்குப் பூசியிருந்தால், முறையாக ஃபைபர் போடும்போது அதை அடியோடு தேய்த்தெடுத்தாக வேண்டும்.

கடலோரத்தில் ஃபைபர் வேலைக்கு முதல் எதிரி உப்பு. காய்ந்துவிட்டது என்று நினைக்கும் பரப்பில் உப்புப் பூத்திருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, ஒருநாளாவது காயவிட்டு, பிறகுதான் தேய்ப்பு. ஈரம் உடைந்த ஓரத்து இழை வழியே உள்ளே ஏறிப்போயிருக்கும் என்பதால், வெளித்தோல் காய்ந்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது. கண்ணாடிப் பாயையும் பாலித்தீன் பையில் கட்டிவைக்க வேண்டும். கடற்காற்று படக் கிடந்த பாய் ஈரம் குடித்திருக்கும்.

தேய்ப்புதான் இந்த வேலையில் பாதி. 40 அல்லது 60 எண் உப்புத்தாளால், பளபளப்பு முழுக்கப் போய் இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஓட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக்க வேண்டும், தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்தில். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை என்றால் ஓட்டையைச் சுற்றி 60 மில்லிமீட்டர் சரிவு. கைப்பிடி அளவு ஓட்டைக்கு இவ்வளவு இடத்தைத் தேய்த்து எடுக்க மனசு வராது. ஆனால் புதுசும் பழசும் பற்றிக்கொள்வது அந்தச் சரிவுப் பரப்பில்தான். செங்குத்து ஓரத்தில் ஒட்டிய துண்டு அலை அடிக்கும்போது அப்படியே கழன்று விழும்.

இந்தக் கண்ணாடிப் பாயை மேட் என்று கடையில் கேட்டால் சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என்று கிடைக்கும். 450 மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். ஒரு சதுர அடி சுமார் 42 கிராம், அதை நனைக்க 100 கிராம் ரெசின் போதும். ரெசினை வாரி ஊற்றினால் உறுதி கூடும் என்பது தப்புக் கணக்கு. இழை இல்லாத ரெசின் வெறும் கண்ணாடிச் சில்லுபோல் உடையும். கத்திரியால் வெட்டாமல் மேட்டைக் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்து படிந்து உட்காரும்.

100 கிராம் ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்தால் துல்லியமாக இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் 1 மில்லியே தாராளம். இன்னும் சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் கப்பிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். வேலையும் நிழலில்தான். நேர்வெயிலில் ரெசின் அவசரமாக இறுகிக் குமிழி நின்றுவிடும், விடிகாலையில் பனி ஈரம் இருக்கும். வெயில் தாழ்ந்த மாலைப்பொழுதே உகந்தது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையில் பழுதுவேலை மும்முரமாக நடக்கும் அந்த நாட்களில் கேட்டலிஸ்ட் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தூரிகையால் இழுத்துப் பூசக்கூடாது, மேட் சுருண்டு வரும். குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளை மேட் நனைய நனையக் கண்ணாடிபோல் தெளிந்து, அடியில் இருப்பது தெரியத் தொடங்கும். வெள்ளையாக எங்காவது புள்ளி நின்றால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது, ரெசின் போகவில்லை. அந்தப் புள்ளியில்தான் பின்னாளில் தண்ணீர் புகும். இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போடாமல், சூடு தணிந்த பின் மறுபடி தொடரலாம்.

எத்தனை மணி நேரம் ஆனாலும் மேல்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கிறது என்பது பலரின் குறை. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பாலியெஸ்டர் ரெசினின் மேல்தோலை இறுகவிடாது. கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே ஒரு பாலித்தீன் தாளைக் காற்றுக் குமிழி இல்லாமல் விரித்துத் தடவிவிட்டால் போதும். மறுநாள் தாளை உரித்தால் அடியில் பரப்பு வழுவழுவென்று இறுகியிருக்கும். தாளில் ஒரு துளி ரெசின்கூட ஒட்டியிருக்காது. தாள் பாலிஎத்திலீன், குடமும் பாலிஎத்திலீன். படகின் ஃபைபரில் உயிராய்ப் பற்றும் இந்த ரெசின் குடத்தை ஏன் தொடுவதில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம். ரெசின் கலக்கவும் பழைய பாலிஎத்திலீன் கப்பையே வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் இறுகியதும் தட்டினால் விழுந்துவிடும்.

தெர்மாகோல் கப்பில் மட்டும் ஊற்றாதீர்கள், கப்பே கரைந்து ஓடும். மீன் வியாபாரம் செய்பவர்கள் ஐஸ் பெட்டியைச் சரிசெய்யும்போது கவனிக்க வேண்டியதும் இதுதான். பெட்டியின் இரண்டு ஃபைபர் சுவருக்கும் நடுவில் குளிர் காக்கும் பொருள் இருக்கும். மஞ்சள் நுரை என்றால் பாலியூரித்தேன், அதைப் பாலியெஸ்டர் ரெசின் ஒன்றும் செய்யாது. வெள்ளை மணி மணியாக இருந்தால் தெர்மாகோல், ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். வெளியே ஒட்டு கச்சிதமாக இருக்கும், உள்ளே குகை விழுந்து ஐஸ் நிற்காது. அத்தகைய பெட்டிக்கு எபாக்சி ரெசின்தான். எபாக்சிக்கு மேட் வேண்டாம், நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே ஆனது, எபாக்சியில் அது இளகாது.

கண்ணைக் காப்பது

கேட்டலிஸ்டைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்ற அந்தத் திரவம் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும், கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். பட்டவுடன் 15 நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். அதைக் குளிர்பானப் பாட்டிலில் மாற்றி வைக்கும் வழக்கம் கரையோரத்தில் அடியோடு ஒழிய வேண்டும். தாகத்தில் ஒரு பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

கடையில் ஊதா நிறத்தில் ஆக்சிலரேட்டர் என்று இன்னொரு குப்பியும் தருவார்கள், அது கோபால்ட். கேட்டலிஸ்டும் கோபால்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். அதனால் வாங்கும்போதே "அண்ணே, இந்த ரெசின்ல கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். கலந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், வீட்டு வேலைக்கு அதுதான் நல்லது. தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் வேண்டும். தூசியைக் கடலில் தட்டாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கட்டிப் போடுங்கள். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளும் பவளப் பாரும் (கடலடிப் பவளப் பாறைத் திட்டு) உள்ள கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது, நம் முற்றத்துத் தூசி காற்றோடு போனால் அங்கேதான் போய்ச் சேரும்.

வீட்டில் செய்ய முடிந்தவை கதவின் அடிப்பகுதி, ஐஸ் பெட்டி, தொட்டிமூடி, வள்ளத்தின் மேல்விளிம்பு. பாரில் மோதி அடிப்பகுதி பிளந்தாலோ, இன்ஜின் மாட்டும் பின்பலகை ஆடினாலோ, அதை அனுபவமுள்ள ஃபைபர் வேலைக்காரரிடம் ஒப்படைப்பதே சரி. பின்பலகைக்கு உள்ளே மரமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி அது உளுத்திருந்தால் மேலே எத்தனை அடுக்கு போட்டும் நிற்காது. நடுக்கடலில் கழன்றால் இன்ஜினோடு ஆளுக்கும் ஆபத்து. எந்தப் படகு ஒட்டுக்கும் 24 மணி நேரம் தொடாமல் விட்டு, ஒரு வாரம் கழித்துக் கடலில் இறக்குவது நல்லது.

குடமும் நாற்காலியும் இனி ஆகாது என்றால் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் எடைக்கு எடுத்துக்கொள்வார், உருக்கினால் அவருக்குப் பணம். இறுகிய ஃபைபரை உருக்க வழியில்லை என்பதால் அதை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. கைவிட்ட படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. அவற்றில் உரமாக இருக்கும் பலகைகளை அறுத்து, இருபுறமும் தேய்த்து உலர்த்தி வைத்தால், கை போகாத ஓட்டைக்குப் பின்னால் தாங்கு பலகையாகவும், கதவின் அடிக்கு ஒட்டுப் பலகையாகவும் உதவும். புது மேட் வாங்கும் செலவும் அந்த அளவுக்குக் குறையும்.